பதின்மூன்று தசம் இரண்டு

காத்தான்குடியில் ஜவ்பரின் கடைக்குப்
படகுக்காரர் எவரும் வருவதில்லை.
ஓட்டோவுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும்
கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கும்
பற்றறி விற்கிற மனிதர்.
"பாரம் முக்கியமா, காசு முக்கியமா?"
அது ஒன்றுதான் கேட்டார்.

ஈயத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
முப்பது கிலோ. நாலு வேண்டுமாம்.
"நூறு எண்டு மேல எழுதியிருக்கும்,
ஐம்பதுக்கு மேல கேட்டா முகம் சுளிக்கும்.
ஆனா களைச்சா சொல்லும் தம்பி,
கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக் காட்டும்."

லித்தியம் பதினொரு கிலோ.
எல்மோ ரொசைறோ ஒற்றைக் கையில் தூக்கிச் சிரித்தான்.
விலையைக் கேட்டான்.
சிரிப்பையும் பற்றறியையும்
மெதுவாக மேசையில் வைத்தான்.
"இது ரெண்டு போதும். ஆனா இது சொல்லாது.
பதின்மூன்று தசம் இரண்டு,
பதின்மூன்று தசம் இரண்டு எண்டே நிக்கும்.
மறுகா ஒண்டுமில்ல."

நான் மீற்றர் வாசிக்கிறவன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வாசல்.
எந்த வீட்டில் புதிதாகக் குளிரூட்டி,
எந்த மகன் கட்டாருக்குப் போய்விட்டான்,
எந்த வீட்டில் இரவு முழுக்க விளக்கு எரிகிறது,
எல்லாம் யூனிற்றில் தெரியும்.
சொல்லாத பொருளை நான் வாங்கியிருக்கக் கூடாது.
வாங்கினோம்.
தர்மினியின் சீட்டுக் காசும்
யாரோ ஒருவரின் சாப்பாட்டு மேசைக்கு
எல்மோ எடுத்த முற்பணமும்.

சார்ஜர் கிரைண்டரின் பிளக்கில்.
அதன் குட்டி விசிறி
விடிய விடிய மூச்சுவிட்டது.
மூன்று நாள் இட்லி இல்லை.
"அது சொல்லாதாம்" என்று தர்மினிக்கு விளக்கினேன்,
வளைகோடு கீறி, கடைசியில் விழுகிற இடம் காட்டி.
"உங்களப் போல" என்றாள்,
பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

கரன்ட் போகிற நாளுக்கென்று
படகின் மேல் ஒரு சோலர்த் தகடு பூட்டினோம்.
பாயின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும்
முழுத்தகடும் கோபித்துக்கொள்ளும்.
பாயை விரித்தால் வெயில் இல்லை,
வெயில் வேண்டுமென்றால் பாய் இல்லை.
எல்மோ தகட்டை இடம் மாற்றினான்,
ஆணித் துளையை மெழுகால் அடைத்தான்,
திரும்ப மாற்றினான்.
ஏழு துளை இருக்கிறது இப்போது.

ஞாயிறு. கல்லடியிலிருந்து தெற்கே.
காற்றே இல்லாத வாவி.
மோட்டர் போவதே தெரியவில்லை,
ஒரு நீர்க்காகம்கூட எங்களுக்காக எழும்பவில்லை.
மண்முனைப் பாலத்தின் கீழே
எல்மோ பாட எடுத்தான், எதிரொலி கேட்டு நிறுத்தினான்.
பதின்மூன்று தசம் இரண்டு.
இன்னும் கொஞ்சம் போவோம் என்றேன்.
அம்பிலாந்துறைப் பக்கம், பதின்மூன்று தசம் இரண்டு.
இன்னும் கொஞ்சம்.

மறுகா ஒண்டுமில்ல.

மோட்டருக்குக் கதவைச் சாத்திவிட்டு
சிறு திரைக்கு மட்டும் ஒரு மிடறு விட்டிருந்தது.
எல்மோ என்னைப் பார்த்தான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டை வாசிப்பவனை
அப்படி யாரும் பார்த்ததில்லை.
துடுப்பு ஒன்று. மற்றது வீட்டுக் கோடியில்.
வெயில் தலையில் வந்து இருந்தது.

பதினொன்றரைக்குக் கச்சான் எழும்பியது,
வயல் தூசி மணக்க, மேற்கிலிருந்து.
பாய் ஒரு தடவை உதறி நிறைந்தது.
படகு சரிந்தது, ஓடியது,
கீழே சும்மா கிடந்த விசிறியைத்
தண்ணீர் பிடித்துச் சுழற்றியது.
திரையில் குறி மாறியது.
போகிற பக்கமல்ல, வருகிற பக்கம்:
ஒன்று தசம் நாலு அம்பியர்.
"என்ன கா அது?" என்றான் எல்மோ.
"காத்து கட்டுது" என்றேன்.
"ஆருக்கு?"

கல்லடிப் பாலம் தெரியும்வரை கூட்டிப் பார்த்தேன்.
ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கக் காணாது.
இருந்தும் பழைய பில் புத்தகத்தின் பின்மட்டையில்
திகதி போட்டு எழுதினேன்.
அன்றிரவு தர்மினியிடம்
நடுவாவியில் நின்றதைச் சொன்னேன்,
முழுவதையும், துடுப்பை மறந்ததையும்.
கிரைண்டர் ஓடியது. கேட்டாளோ தெரியாது.

திங்கள், ஆரையம்பதி, மூன்றாவது ஒழுங்கை.
படலையைத் திறந்து ஒருத்தி கேட்டாள்:
"இந்த மாசம் எவ்வளவு தம்பி?"
வாய் நுனிவரை வந்துவிட்டது
பதின்மூன்று.